வாதம் வந்தால் முதலில் மணி பாருங்கள்



றொசல்லயிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மாமனாருக்குப் பாரிசவாதம் வந்து, வலது கையும் காலும் வழங்காமல் இப்போது வீட்டில் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது டொக்டர் முதலில் கேட்ட கேள்வி இதுதானாம்: "இவர் கடைசியாக நல்லபடி இருந்ததை யார் கண்டது? எத்தனை மணிக்கு?" வீட்டில் ஒன்பது பேர். ஒருவர் காலை ஏழு மணி என்றார், இன்னொருவர் இரவே ஒரு மாதிரித்தான் இருந்தார் என்றார், மூன்றாமவர் இருவரையும் மறுத்தார். நேரம் உறுதியில்லாதபடியால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். "ஒரு மணிக் கணக்குக்காக ஒரு மனிதரைக் கைவிடலாமா?" என்று அந்தச் சகோதரி கேட்கிறார்.

அவருடைய வேதனை நியாயமானது. ஆனால் அந்த டொக்டர் கேட்டது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல. பாரிசவாத வைத்தியத்தில் இன்று உலகமெங்கும் பயன்படும் கணக்குகள், புள்ளி அட்டவணைகள், கம்பியூட்டர்கள் எல்லாமே அந்த ஒரு பதிலில் இருந்துதான் புறப்படுகின்றன. அந்தப் பதில் டொக்டரிடம் இல்லை, ஸ்கேன் மெஷினிடமும் இல்லை. அது வீட்டில் இருக்கிறது. பெரும்பாலும் வீட்டுப் பெண்ணிடம்தான் இருக்கிறது. ஆகவே இம்மாதம் வழமையான கேள்வி பதிலை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஒரு விஷயத்தையே எழுதுகிறோம்.

மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய் அடைபட்டால் அது ஒருவகை வாதம். குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிந்தால் அது இன்னொரு வகை. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வாய் கோணும், கை தளரும், பேச்சுக் குழறும். எவ்வளவு கைராசியுள்ள வைத்தியரானாலும் தலையை ஸ்கேன் எடுக்காமல் பிரித்துச் சொல்ல இயலாது. இவற்றில் அடைப்பு வகையே அதிகம். பெரிய குழாய் ஒன்று அடைபட்டு வைத்தியம் இல்லாமல் கிடந்தால், ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புக்கலங்கள் மடிகின்றன என்று அமெரிக்க வைத்தியர் ஜெப்ரி சேவர் 2006ஆம் ஆண்டு கணக்கிட்டுச் சொன்னார். ஒரு பானை சோறு வடிப்பதற்கு இருபது நிமிடம் என்றால், அதற்குள் 3 கோடி 80 இலட்சம்!

அடைப்பைக் கரைக்கும் ஊசி பலன் தருகிறது என்பது 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில் தெரியவந்தது. அப்போது விதித்த எல்லை மூன்று மணித்தியாலம். 2008இல் ஐரோப்பாவில் நடந்த இன்னோர் ஆய்வு அதை நாலரை மணித்தியாலமாக நீட்டியது. பின்னர் 2014இல், இப்படியான ஒன்பது ஆய்வுகளில் சேர்ந்த 6,756 நோயாளர்களின் விபரங்களை ஒன்றாகக் கொட்டி அலசிப் பார்த்தார்கள். மூன்று மணித்தியாலத்துக்குள் ஊசி போடப்பட்டவர்களில் 100க்கு 33 பேர் ஏறக்குறைய முழுச் சுகம் அடைந்திருந்தார்கள். ஊசி போடாதவர்களில் அப்படி ஆனவர்கள் 100க்கு 23 பேர். அதாவது பத்துப் பேர் மேலதிகம். மூன்றிலிருந்து நாலரைக்குள் போட்டபோது அந்தப் பத்து ஐந்தாகக் குறைந்தது. அதன் பின் தேடிப் பிடிக்கவேண்டிய அளவுதான். ஒரே மருந்து. மாறியது மணி மட்டுமே.

அப்படியானால் நேரம் தெரியாவிட்டாலும் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. அதே கணக்கில், ஊசி போட்டவர்களில் 100க்கு 6 அல்லது 7 பேருக்கு மூளைக்குள் கடும் இரத்தக் கசிவு ஏற்பட்டிருந்தது. போடாதவர்களில் அது 100க்கு ஒருவர் சொச்சம். நேரத்தோடு போட்டால் கிடைக்கும் நன்மை இந்த ஆபத்தை விடப் பெரிது. நேரம் தப்பினால் நன்மை போய்விடும், ஆபத்து மட்டும் மிஞ்சும். ஆகவே, டொக்டர் ஊசி போட வேண்டும் என்ற ஆசையில் நேரத்தைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். அது நோயாளிக்கு உபகாரமல்ல. நீங்கள் சொல்லும் மணி ஓர் அமானிதம். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள்.

இனி, நமது வீடுகளுக்கே உரிய ஒரு வசதியைக் கவனியுங்கள். ஒரு பெரியவர் இரவு பத்து மணிக்குப் படுக்கிறார். காலை ஏழு மணிக்குத் தேத்தண்ணீர் கொடுக்கப் போனால் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறார். வைத்தியக் கணக்கில் வாதம் வந்த நேரம் ஏழு மணி அல்ல. கண்டது மட்டுமே ஏழு மணி. கடைசியாக நன்றாக இருந்தது பத்து மணிக்கு என்பதால் அங்கிருந்தே கணக்குத் தொடங்கும். ஒன்பது மணித்தியாலம் ஏற்கனவே போய்விட்டது! ஆனால் அதே பெரியவர் ஐந்து மணிக்கு எழுந்து, ஒழுச் செய்து, சுபஹு தொழுது, நன்றாக நடந்து வந்து திரும்பவும் படுத்தார் என்றால் கணக்கு ஐந்து மணியிலிருந்துதான் தொடங்கும். ஏழுக்குக் கண்டு, ஒன்பதுக்குள் ஸ்கேன் உள்ள வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அரை மணித்தியாலமாவது கையில் இருக்கும். "சுபஹுக்கு எழும்பினார், சூராவைப் பிழையில்லாமல் ஓதினார், நான் கேட்டேன்" என்று யாராவது ஒருவர் உறுதியாகச் சொன்னால், அந்தச் சொல்லுக்கு ஸ்கேன் படத்துக்குச் சமமான பெறுமதி உண்டு. நாளுக்கு ஐந்து வேளை நேரம் பார்க்கிற வீட்டில் இந்த ஒரு நேரத்தைச் சொல்ல முடியாமல் போவதற்குக் காரணம், இது கேட்கப்படும் என்று யாருமே நமக்குச் சொல்லித் தராததுதான். அந்தச் சகோதரியின் வீட்டாரை நாம் குறை காணவில்லை.

(நேரம் தெரியாவிட்டால் போகாமலே இருந்துவிடலாம் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். விழிக்கும்போதே வாதத்துடன் விழித்தவர்களிலும் சிலருக்கு எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து ஊசி போடலாம் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பெரிய குழாய் அடைப்பைக் கம்பி விட்டு எடுக்கும் முறையில், தெரிவு செய்யப்பட்ட சிலருக்கு 24 மணித்தியாலம் வரைகூடப் பலன் கிடைத்திருக்கிறது. அந்த வசதிகள் எல்லா இடத்திலும் இல்லை. ஆனாலும் யாருக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது வைத்தியசாலைதான், வீடு அல்ல.)

இந்த நிமிடக் கணக்கை ஒரு வைத்தியசாலை எப்படிக் கையாண்டது என்பதற்கு உலகம் மெச்சும் உதாரணம் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரம். 1998இல் அங்கே நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி ஏறும்வரை நடுவாக 105 நிமிடம் சென்றது. அவர்கள் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் எந்த இடத்தில் எத்தனை நிமிடம் வீணாகிறது என்று எழுதிப் பார்த்தார்கள். அம்புலன்ஸ் வரும் வழியிலேயே போன் செய்து அறிவிக்கச் சொன்னார்கள். வாட்டுக்குப் போய்த் திரும்பி வராமல் அம்புலன்ஸ் தள்ளுகட்டிலிலேயே நேராக ஸ்கேன் அறைக்குக் கொண்டு போனார்கள். ஊசியையும் அங்கேயே ஏற்றினார்கள். நோயாளி வந்து சேருமுன்பே வீட்டாருடன் போனில் பேசி, எப்போது வந்தது, என்ன மருந்து குடிக்கிறார் என்பதையெல்லாம் கேட்டு வைத்தார்கள். இப்படி ஆண்டுக்கு ஒன்றிரண்டாகத் திருத்தித் திருத்தி, 2011இல் 105 நிமிடத்தை 20 நிமிடமாக்கினார்கள். அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலும் இதே வழியைப் பின்பற்றிச் சில மாதங்களிலேயே பலன் கண்டார்கள். கவனியுங்கள்: அப்படி மிச்சமான நேரத்தில் ஒரு பங்கு, வீட்டில் இருந்தவர் போனில் சொன்ன பதிலால் கிடைத்தது.

இனி றொசல்லக்கு வருவோம். ஹெல்சிங்கியில் நேரம் போனது வாசலுக்கு உள்ளே. இங்கே போவது வாசலுக்கு வெளியே. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடைப்பட்ட அந்தப் பாதையில் மழையும் பனியும் இறங்கினால் வாகனம் எப்படி ஊர்ந்து போகும் என்பது அங்கே பசாரில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்குத் தெரியும். தோட்டத்து லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரவே நேரம் எடுக்கும். டிக்கோயாவில், ஊரார் கிளங்கன் ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஆதார வைத்தியசாலைக்கு இந்திய உதவியுடன் கட்டிய புதிய கட்டடம் 2017 மே மாதம் திறந்து வைக்கப்பட்டது. அது பெரிய உதவிதான். ஆனாலும் தலை ஸ்கேன், நரம்பியல் நிபுணர், இந்த ஊசி மூன்றும் எந்த நேரமும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டுமென்றால் கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய இடம் வேண்டியிருக்கும். உங்கள் பகுதியிலிருந்து வாத நோயாளியை எங்கே அனுப்புகிறார்கள் என்பதை அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் கேட்டு வையுங்கள். நோய் வந்த பிறகு கேட்கும் கேள்வியல்ல இது.

மலையை நம்மால் தட்டையாக்க முடியாது. பாதையில் போகும் நேரத்தைக் குறைக்கவும் இயலாது. ஆனால் வீட்டுக்குள் போகும் நேரம் நம் கையில் இருக்கிறது. வழக்கமாக என்ன நடக்கிறது? முதலில் எண்ணெய் தேய்க்கிறோம். பிறகு மகனுக்குப் போன். மகன் வந்து மாமாவுக்குப் போன். புறா இரத்தம் தடவினால் சுகமாகும் என்று ஒருவர் சொல்ல, புறா தேட ஒருவர் போவார். (நஜீஸான இரத்தத்தைத் தொழுகையாளியின் உடம்பில் பூச எப்படித்தான் மனம் வருகிறதோ!) கடைசியாக ஓட்டோ பிடிக்கிறோம். இதற்குள் இரண்டு மணித்தியாலம் போயிருக்கும்.

செய்ய வேண்டியது சுலபமானது. முகம், கை, பேச்சு, நேரம் என்ற நான்கையும் பார்ப்பதற்கு 1998இல் இங்கிலாந்தில் அம்புலன்ஸ் ஊழியர்களுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். இன்று உலகம் முழுவதும் அதைப் பொதுமக்களுக்கும் கற்றுக் கொடுக்கிறார்கள். நம் வீட்டு முறையில் அதைச் சொன்னால்: சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? துஆவுக்குக் கை ஏந்துவது போல இரண்டு உள்ளங்கைகளையும் மேலே வைத்து, கைகளை முன்னால் நீட்டிக் கண்ணை மூடி, பத்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள், ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறதா? பிஸ்மில்லாஹ் சொல்லச் சொல்லுங்கள். பிறந்ததிலிருந்து சொல்லி வந்த வார்த்தை என்பதால் சிறு குழறல்கூட உங்கள் காதுக்குப் பிடிபடும். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்த இலவச அம்புலன்ஸ் சேவை அது. அழைத்துவிட்டு மணியைப் பார்த்து எழுதுங்கள். எப்போது கண்டீர்கள், அதற்கு முன் கடைசியாக எப்போது நன்றாகக் கண்டீர்கள் என்று இரண்டு மணி. காகிதம் இல்லாவிட்டால் உங்கள் உள்ளங்கையிலாவது எழுதிக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாததில் முக்கியமானது ஒன்றுண்டு. வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இதைச் சொல்லும்போது சிலருக்கு மனம் கஷ்டப்படும் என்பது தெரியும். ஹஜ்ஜுக்குப் போனவர் கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீரை, ஓதி ஊதிய தண்ணீரை, ஒரு கரண்டி மல்லித் தண்ணீரை அன்போடுதான் ஊற்றுகிறோம். ஆனால் வாதத்தில் தொண்டைத் தசையும் சோர்ந்து போகும். விழுங்கியது போலிருக்கும், தண்ணீர் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 வாத நோய்ப் பிரிவுகளில் நடந்து 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. தாதிமார் கையில் ஓர் எளிய ஒழுங்கைக் கொடுத்தார்கள்: காய்ச்சலைப் பார்த்துத் தணிப்பது, சீனியைப் பார்த்து இறக்குவது, விழுங்க முடிகிறதா என்று சோதித்த பிறகே வாய்வழி கொடுப்பது. விலையுயர்ந்த மெஷின் ஒன்றுமில்லை. மூன்று மாதத்தின் பின் பார்த்தபோது, வழமையான பிரிவுகளில் 100க்கு 58 பேர் மௌத்தாகியோ பிறர் தயவில் வாழ்பவராகவோ இருந்தார்கள். இந்த ஒழுங்கைக் கைக்கொண்ட பிரிவுகளில் அது 42 ஆக இருந்தது. ஆகவே துஆச் செய்யுங்கள், ஓதுங்கள், ஸம்ஸத்தை நெற்றியில் தடவுங்கள். சோதித்துச் சரியென்று தாதி சொன்ன பிறகு தாராளமாகப் புகட்டலாம். டிஸ்பிரினும் வேண்டாம். கசிவு வகையாக இருந்தால் அது தீங்காகிவிடும்.

இன்னொரு ஏமாற்று இருக்கிறது. கை தளர்ந்து, பேச்சுக் குழறி, பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். "அல்ஹம்துலில்லாஹ், போய்விட்டது" என்று அடுப்படிக்குத் திரும்பிவிடுவோம். இதைச் சிறு வாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியது வருவதற்கு முன் வந்து போகும் தூதன் இது. எத்தனை பேருக்குப் பின்னால் பெரியது வருகிறது என்று இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் கணக்கெடுத்தார்கள். ஆறுதலாக வைத்தியம் செய்த காலத்தில் மூன்று மாதத்துக்குள் 100க்கு 10 பேருக்கு மீண்டும் வந்தது. உடனடியாகப் பார்த்து மருந்தைத் தொடங்கியபோது 100க்கு 2 ஆக இறங்கியது. 2007இல் வெளிவந்த விபரம் இது.

அதே ஆண்டில் சிறு வாதக்காரருக்கு ஆபத்து எவ்வளவு என்று சொல்லப் புள்ளி போடும் முறையொன்றும் வந்தது. வயது 60 அல்லது அதற்கு மேல் என்றால் 1 புள்ளி, பிரஷர் கூட என்றால் 1, ஒரு பக்கம் தளர்ந்தால் 2, பேச்சு மட்டும் குழறினால் 1, ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ நீடித்தால் 2, அதைவிடக் குறைந்து பத்து நிமிடமாவது நின்றால் 1, சீனி வருத்தம் இருந்தால் 1. கூடிய புள்ளிக்காரரை உடனே பார், குறைந்தவர் பொறுக்கலாம் என்பது அதன் நோக்கம். கொழுந்தைச் சல்லடையில் அரிப்பது போலத்தான். ஆனால் வருடக்கணக்கில் விபரம் சேர்த்துப் பார்த்தபோது, குறைந்த புள்ளி பெற்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிலும் பலருக்குப் பெரிய வாதம் வந்திருந்தது. சல்லடையின் கண் பெரிதாக இருந்திருக்கிறது! 2019இல் இங்கிலாந்தின் வைத்திய வழிகாட்டி, யாரை முன்னே பார்ப்பது என்று தீர்மானிக்க இப்புள்ளிகளைப் பயன்படுத்த வேண்டாம், எல்லோரையும் தாமதமின்றிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டது. கணக்கு வைத்துச் செய்த கருவியைக் கணக்கே திருத்தியது. எனவே உங்கள் பக்கத்து வீட்டுச் சகோதரி "என் உம்மாவுக்கும் இப்படித்தான் வந்து போனது, ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னால் அதைக் கருவியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வந்து போனாலும் அன்றே போய்க் காட்டுங்கள்.

வருமுன் காப்பதற்கும் ஒரு கருவி நம் நாட்டிலேயே இருக்கிறது. 2011ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியசாலைகளிலும் சுகாதாரப் பணிமனைகளிலும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் என்ற பெயரில் இலவசப் பரிசோதனை நடக்கிறது. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் நோய் ஒன்றுமில்லாமலே போகலாம். பிரஷர், சீனி, எடை பார்த்து, கட்டம் கட்டமாக நிறம் தீட்டிய ஓர் அட்டையில் உங்கள் கட்டத்தைத் தேடுவார்கள். வயது, ஆணா பெண்ணா, சிகரட் உண்டா, பிரஷர் எவ்வளவு என்று விரலை ஓட்டிப் போனால் ஒரு நிறத்தில் நிற்கும். இனி வரும் பத்து வருடத்தில் மாரடைப்போ வாதமோ வரும் வாய்ப்பை அந்த நிறம் சொல்லும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் திருத்தி வெளியிட்ட அட்டையில் பச்சை என்றால் 100க்கு 5க்கும் குறைவு, கடும் சிவப்பு என்றால் 30 அல்லது அதற்கு மேல். இரத்தம் எடுத்துச் சோதிக்க வசதியில்லாத இடத்துக்கென்று உயரம், எடையையும் சேர்த்துப் பார்க்கும் அட்டையும் உண்டு. இந்த நிலையங்களுக்குப் பெண்கள்தான் அதிகம் போகிறார்கள், ஆண்கள் வருவது குறைவு. கடையை விட்டு வர நேரமில்லை என்பார்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போது அவரையும் இழுத்துக்கொண்டு போங்கள், கடை ஒரு காலைக்கு மூடிக் கிடக்கட்டும்.

நிறம் பார்த்தால் போதுமா? அந்த நிறத்தை மாற்றுவது பிரஷர்தான். 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில், வாதத்துக்குக் காரணமானவற்றில் முதலிடம் பிரஷருக்கே கிடைத்தது. நமது நாட்டையும், பங்களாதேஷையும், பாகிஸ்தானையும் சேர்த்து முப்பது கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரிடம் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2020இல் வெளிவந்தது. அதன் பெயர் கோப்ரா. பெயரைக் கேட்டுப் பாம்பு என்று பயப்பட வேண்டாம். சுகாதார ஊழியர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, எழுதி, கூடினால் எங்கே போக வேண்டும் என்று அனுப்பி, திரும்பவும் வந்து பார்த்தார். இரண்டு வருடத்தில் அந்த ஊர்களில் 100க்கு 53 பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது. மற்ற ஊர்களில் 44. நம் நாட்டுக் கிளினிக்குகளிலேயே 700 பேரிடம் நடந்து 2018இல் வந்த இன்னோர் ஆய்வில், மூன்று மருந்துகளைச் சிறு அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தபோது ஆறு மாதத்தில் 100க்கு 70 பேர் இலக்கை எட்டினார்கள், வழமையான முறையில் 55. இரண்டிலும் அதிசயம் எதுவுமில்லை. விடாமல் பார்த்தார்கள், விடாமல் குடித்தார்கள்.

தோட்டத்தில் கொழுந்தை நிறுத்து ஒவ்வொரு கிலோவையும் பேர் போட்டு எழுதுகிறார்கள். கடையில் கடன் கொப்பியில் கால் கிலோ சீனி தப்புவதில்லை. வீட்டில் பிரஷர்காரர் இருந்தால் அவருக்கும் ஒரு கொப்பி போடுங்கள். கிளினிக் கொப்பியே போதும், அதன் பின்பக்கத்தில் திகதியும் பிரஷரும் மாதத்துக்கு ஒரு முறையாவது ஏறட்டும். குடிக்கும் குளிசைகளின் பெயர், குறிப்பாக இரத்தத்தை இளக்கும் வார்பரின் போன்ற மருந்து குடிக்கிறாரா என்பது முதல் பக்கத்திலேயே பெரிதாக இருக்க வேண்டும், ஊசி போடலாமா என்பதை அதுவும் தீர்மானிக்கும். அண்மையில் ஒப்பரேஷன் நடந்ததா, தலையில் அடிபட்டதா என்பதையும் எழுதுங்கள். அம்புலன்ஸ் வரும்போது தேடாமல் எடுக்கும் இடத்தில் கொப்பி இருக்கட்டும். போனில் பதில் சொல்லக்கூடிய, கண்ணால் கண்ட ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். வீட்டில் யார் பெரியவர் என்பதல்ல, யார் கண்டது என்பதே இங்கே முக்கியம். கண்டது பதினைந்து வயதுப் பேத்தி என்றால் அவளைத்தான் அனுப்ப வேண்டும்.

நோன்பு காலம் பற்றி ஒரு வார்த்தை. சுகமாக இருக்கிறது என்று பிரஷர் குளிசையை ரமழானில் நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பல குளிசைகளை ஸஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ மாற்றி வைத்துக்கொள்ள முடியும். நோன்புக்கு இரண்டு கிழமை முன்பே டொக்டரிடம் கேளுங்கள். நோன்பு பிடிக்கவே கூடாது என்று அவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதில் வெட்கமில்லை.

வாதம் வந்து வீட்டோடு இருப்பவரைப் பராமரிப்பவர்களுக்கு ஒன்று. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் கையால் உடற்பயிற்சி செய்ய வைத்தால் நோயாளி அதிகம் தேறுவாரா என்று இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளர்களிடம் பரீட்சித்தார்கள். 2017இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தின் பின், பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் பெறாத குடும்பங்களிலும் 100க்கு 47 பேர் மௌத்தாகியோ பிறர் துணையில் வாழ்பவராகவோதான் இருந்தார்கள். வித்தியாசமே இல்லை. "மருமகள் சரியாகக் கையைப் பிடித்துவிட்டிருந்தால் எழுந்து நடந்திருப்பார்" என்று சொல்லும் மாமிமார், நாத்தனார்மார் இந்த இலக்கத்தை ஒரு முறை வாசிக்க வேண்டும். அதற்காகப் பராமரிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதும், விழாமல் பார்ப்பதும், குளிசை தப்பாமல் கொடுப்பதும் வீட்டில் நடக்க வேண்டியவைதான். ஆனால் கையையும் காலையும் மீட்பது பயிற்சி பெற்ற பிசியோதெரபி ஊழியரின் வேலை. கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதித் தரும்படி டொக்டரிடம் நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் கூட்டத்தில் மறந்துவிடுவார்கள்.